ஆயுதங்களுக்குச் சாட்சி நின்ற பாதிரியார்கள்

2005 செப்டம்பர் 26ஆம் தேதி, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகருக்கு அருகே ஒரு செய்தியாளர் சந்திப்பு. அங்கே பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐரிஷ் குடியரசுப் படை, அதாவது ஐ.ஆர்.ஏ., தன் ஆயுதங்களை எல்லாம் இனிப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட்டது என்று ஆயுத ஒழிப்பைக் கண்காணித்த கனடா நாட்டு ஜெனரல் ஜான் டி ஷாஸ்டலேன் அறிவித்தார். ஜெனரலின் பேச்சை மட்டும் வைத்து நம்ப, பிரிட்டனோடு இருக்க விரும்பிய எதிர்த்தரப்பு தயாராக இல்லை. புகைப்படம் வேண்டும் என்று இயன் பெய்ஸ்லியின் கட்சி முன்பே அடம்பிடித்திருந்தது. படம் எடுத்தால் அது தாங்கள் சரணடைந்ததற்கு அத்தாட்சியாகிவிடும் என்று ஐ.ஆர்.ஏ. மறுத்தது. அந்த இழுபறியில் படத்துக்குப் பதிலாக வந்து நின்றவர்கள் இரண்டு பாதிரியார்கள்: கத்தோலிக்கக் குரு அலெக் ரீட், மெத்தடிஸ்ட் போதகர் ஹரால்ட் குட். ஆயுதங்கள் அழிக்கப்பட்டதை இருவரும் கூடவே இருந்து பார்த்தவர்கள். நாங்கள் கண்ணால் கண்டோம் என்று அன்றைக்குச் சொன்னார்கள். ஐ.ஆர்.ஏ.வுக்குப் பிடித்த சாட்சிகள் இவர்கள் என்று பெய்ஸ்லி அதையும் தள்ளிவிட்டார். அவரும் ஒரு பாதிரியார்தான். அந்த விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

கிறிஸ்தவம் மன்னிப்பைப் போதிக்கிறது, அதனால் அங்கே அமைதி வந்தது என்று மேடைகளில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். வட அயர்லாந்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் அந்தக் கதை நிற்காது. மேற்கு ஐரோப்பாவிலேயே மிக அதிகமாக ஆலயத்துக்குப் போய்க்கொண்டிருந்த மக்களில் அவர்களும் உண்டு. அந்த மண்ணில்தான் 30 ஆண்டுகளில் 3,500 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். பிரசங்கத்துக்கு அங்கே பஞ்சமே இருந்ததில்லை. அமைதிக்கு நிஜமாகவே தோள் கொடுத்த பாதிரியார்கள் சிலர்தான். அவர்கள் எங்கே நின்றுகொண்டு அதைச் செய்தார்கள் என்று பார்த்தால் ஒன்று கண்ணில் படும். பெரும்பாலானவர்களுக்குச் சொந்தப் பொறுப்பில் ஓர் ஆலயப் பங்கோ சபையோ கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எதிரே உட்காருகிற மக்களின் தயவில் காலம் தள்ள வேண்டிய நிலையில் இல்லாதவர்கள். என் பார்வையில், வட அயர்லாந்தில் விசுவாசம் செய்த வேலையைப் புரிந்துகொள்ள அவர்களுடைய இறையியலைவிட இந்தச் சாதாரண விவரம் அதிகம் உதவுகிறது.

முதலில் பின்னணி. சண்டை திருப்பலியைப் பற்றியோ போப்பைப் பற்றியோ அல்ல. 17ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் சீர்திருத்த சபையினர், அதாவது புராட்டஸ்டன்டுகள், கொண்டுவந்து குடியேற்றப்பட்டார்கள். உள்ளூர்க் கத்தோலிக்கர்கள் நிலத்தை இழந்தார்கள். 1921ல் அயர்லாந்து இரண்டாகப் பிரிந்தபோது வடக்கில் ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு தங்கின. அங்கே புராட்டஸ்டன்டுகள் பெரும்பான்மை. வீடு ஒதுக்கீட்டிலும் வேலையிலும் உள்ளாட்சி வாக்குரிமையிலும் கத்தோலிக்கர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள். 1968ல் சிவில் உரிமை கேட்டு ஊர்வலம் கிளம்பியது; 1969ல் பிரிட்டிஷ் ராணுவம் தெருவுக்கு வந்தது; அப்புறம் எல்லாம் கை மீறிப் போயிற்று. சண்டைக்குக் காரணம் நிலமும் அதிகாரமும்தான். ஆனால் யார் எந்தப் பக்கம் என்று கோடு கிழித்தது மதம். பள்ளி வேறு, கல்லறைத் தோட்டம் வேறு, விளையாட்டு வேறு, பெண் கொடுத்து எடுப்பது வேறு. நம் ஊரில் அப்பா பெயரையும் தெருப் பெயரையும் விசாரித்துச் சாதியைக் கண்டுபிடிப்பதைப் போல, அங்கே எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்டால் போதும். அந்த வேலிகளில் பாதியைக் கட்டிக் காத்து வந்தவை சபைகளேதான்.

ஆயர்கள் சும்மா இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் கண்டன அறிக்கை வந்தது. 1979 செப்டம்பர் 29ஆம் தேதி போப் இரண்டாம் ஜான் பால் எல்லைக்குச் சற்றுத் தெற்கே த்ரோகெடாவில் லட்சக்கணக்கானோர் முன்னிலையில், வன்முறையை விட்டு விலகுங்கள் என்று மண்டியிட்டுக் கேட்பதாகச் சொன்னார். சில நாட்களிலேயே ஐ.ஆர்.ஏ. முடியாது என்று பதில் சொல்லிவிட்டது. கத்தோலிக்கப் பிள்ளைகளாக வளர்ந்தவர்கள் போப்புக்கே முடியாது என்று சொன்ன பிறகு உள்ளூர் ஆயரின் கண்டனத்துக்கு என்ன மரியாதை இருக்கும்? 1980களில் பெல்ஃபாஸ்ட் பகுதியின் ஆயராக இருந்த கஹால் டேலி ஐ.ஆர்.ஏ.வை மிகக் கடுமையாகக் கண்டித்தார். கொலை கொலைதான் என்று திருச்சபை பட்டவர்த்தனமாகச் சொன்னதற்கு மதிப்பு உண்டு. ஆனால் கண்டிக்கிறவரிடம் போய் யாரும் மனம் விட்டுப் பேச மாட்டார்கள். துப்பாக்கி வைத்திருப்பவனோடு பேச வேறு ஒருவர் வேண்டியிருந்தது.

அந்த வேறு ஒருவர்தான் அலெக் ரீட். ரெடம்ப்டரிஸ்ட் என்ற துறவற சபையைச் சேர்ந்தவர். மேற்கு பெல்ஃபாஸ்டில் கிளோனார்ட் மடத்தில் இருந்தார். கத்தோலிக்கர்களின் ஃபால்ஸ் சாலையும் புராட்டஸ்டன்டுகளின் ஷாங்கில் சாலையும் முட்டிக்கொள்ளும் இடத்தில் அந்த மடம் இருக்கிறது. 1969 ஆகஸ்டில் மடத்தை ஒட்டிய பாம்பே தெருவின் வீடுகள் கொளுத்தப்பட்டன. சிறைக்குப் போய் இயக்கத்தவர்களைச் சந்திப்பது, ஐ.ஆர்.ஏ.வின் இரண்டு பிரிவுகள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டபோது நடுவில் போய் சமாதானம் பேசுவது என்று 1970களிலிருந்தே அவருக்கு இயக்கத்துக்குள் ஆள் பழக்கம் இருந்தது. தெருவில் பிணம் விழுகிறபோது குருவானவர் தெருவில்தான் இருக்க வேண்டும், எந்தப் பக்கத்தானோடும் பேச வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். பங்குத்தந்தையாக இருந்திருந்தால் திருமணம், ஞானஸ்நானம், பள்ளி நிர்வாகம் என்று நாள் போயிருக்கும். ஆயரும் கேள்வி கேட்டிருப்பார். மடத்துத் துறவி என்பதால் அவருக்கு மேலே இருந்தது அவருடைய சபைத் தலைமை. அவர்கள் அவரை அவர் போக்கில் விட்டார்கள்.

1986ல் ரீட் மிதவாதக் கத்தோலிக்கக் கட்சியின் தலைவர் ஜான் ஹியூமுக்குக் கடிதம் எழுதினார். ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் கட்சியான ஷின் ஃபெயினின் தலைவர் ஜெரி ஆடம்ஸை அவர் சந்திக்க வேண்டும் என்பதுதான் விஷயம். அந்தக் காலத்தில் அப்படி ஒரு சந்திப்பு வெளியே தெரிந்தால் ஹியூமின் அரசியல் வாழ்வே முடிந்துபோகலாம். 1988 அக்டோபரில் ஷின் ஃபெயின்காரர்களின் குரலையே தொலைக்காட்சியிலும் வானொலியிலும் பிரிட்டன் தடை செய்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். ஒரு குருவானவர் நடுவில் இருப்பதில் ஒரு வசதி இருந்தது. விஷயம் கசிந்தால், மடத்துக்குப் போனேன், சாமியாரைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லாத ஆள், கடிதத்தில் இருப்பதையும் வெளியே சொல்ல மாட்டார் என்று இரு தரப்பும் நம்பின. ஹியூம் இளமையில் மேய்னூத் குருமடத்தில் படித்தவர் என்பதும் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். 1988 ஜனவரியில் ஹியூமும் ஆடம்ஸும் சந்தித்தார்கள்.

அதே ஆண்டு மார்ச் 16ஆம் தேதி மில்டவுன் கல்லறைத் தோட்டத்தில் நடந்த ஐ.ஆர்.ஏ. அடக்கத்தில் மைக்கேல் ஸ்டோன் என்ற பிரிட்டன் ஆதரவுக் கொலையாளி கையெறி குண்டும் துப்பாக்கியுமாகப் புகுந்து மூன்று பேரைக் கொன்றான். மூன்று நாள் கழித்து, செத்தவர்களில் ஒருவரின் சவ ஊர்வலத்துக்குள் சாதாரண உடையில் இரண்டு பிரிட்டிஷ் ராணுவத்தினர் காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். இன்னொரு தாக்குதல் என்று நினைத்த கூட்டம் அவர்களை வெளியே இழுத்து அடித்தது. ரீட் நடுவில் விழுந்து அவர்களைக் காப்பாற்றப் பார்த்தார். அவரை இழுத்துத் தள்ளிவிட்டு இருவரையும் கொண்டுபோய்ச் சுட்டார்கள். அவர் ஓடிப்போய் ஒருவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்துப் பார்த்தார், பலிக்கவில்லை. இருவருக்கும் எண்ணெய் பூசி ஜெபித்தார். முகத்தில் ரத்தத்தோடு சடலத்தின் அருகே மண்டியிட்டிருக்கும் அவருடைய படம் உலகம் முழுக்க அச்சானது. படத்தில் தெரியாத ஒன்று அவர் சட்டைக்குள் இருந்தது: ஹியூமுக்குக் கொடுக்க ஷின் ஃபெயின் எழுதித் தந்திருந்த ஆவணம். உறையில் ரத்தம் பட்டுவிட்டதால் உறையை மட்டும் மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த நிலையிலும் தபாலைக் கொண்டுசேர்த்ததை அவருடைய பக்திக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்கு அது தொழில் சுத்தமாகவும் தெரிகிறது. அன்றைக்கு மனம் உடைந்து விட்டிருந்தால் அந்தப் பேச்சுவார்த்தை எங்கே போயிருக்கும் என்று சொல்ல முடியாது.

இந்தப் பாதையில் முதலில் நடந்தவர் ரீட் அல்ல. 1974 நவம்பரில் பர்மிங்ஹாம் மதுக்கடைகளில் குண்டு வெடித்து 21 பேர் செத்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், புராட்டஸ்டன்ட் போதகர்கள் சிலர் அயர்லாந்தின் க்ளேர் மாவட்டத்தில் ஃபீக்கிள் என்ற சிற்றூர் ஓட்டலில் ஐ.ஆர்.ஏ. தலைவர்களைச் சந்தித்தார்கள். ஏற்பாடு செய்தவர் வில்லியம் ஆர்லோ என்ற ஆங்கிலிக்கன் குரு. சபைகளின் கூட்டமைப்பில் வேலை பார்த்தவர், அதாவது அவருக்கும் சொந்தச் சபை கிடையாது. நடுவில் போலீஸ் வந்து சேர, பேச்சு பாதியில் கலைந்தது. ஆனாலும் அந்தக் கிறிஸ்துமஸுக்குப் போர்நிறுத்தம் வந்தது. ஜனவரியில் அது முறிந்து, 1975 பிப்ரவரியில் மறுபடி தொடங்கியது. பிறகு என்ன நடந்தது? அரசியல் தீர்வு எதுவும் பின்னால் வரவில்லை, மதத்தைப் பார்த்துக் கொல்வது அந்த ஆண்டுதான் தலைவிரித்து ஆடியது, 1976 தொடக்கத்துக்குள் போர்நிறுத்தம் செத்துப்போனது. பாதிரியார்களால் கதவைத் திறந்துவிட முடியும், உள்ளே வைக்க அரசியல்வாதிகளிடம் ஏதாவது இருக்க வேண்டும் என்பது ஃபீக்கிளில் தெரிந்துபோனது. ரீட் ஆயர்களைச் சுற்றி வராமல் ஹியூமையும் டப்ளின் அரசியல்வாதிகளையும் சுற்றி வந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

புராட்டஸ்டன்ட் பக்கம் வேலை இன்னும் கஷ்டம். பிரெஸ்பிட்டேரியன் சபைகளில் போதகரை அழைப்பதும் சம்பளம் கொடுப்பதும் சபை மக்கள். அவர்கள் முகம் சுளித்தால் போதகர் மூட்டை கட்ட வேண்டியதுதான். 1980களில் லிமவாடி என்ற ஊரில் டேவிட் ஆம்ஸ்ட்ராங் என்ற போதகருக்கு அதுதான் நடந்தது. தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த கத்தோலிக்கக் கோயிலுக்குப் போய்க் கிறிஸ்துமஸ் வாழ்த்து சொன்னார், அவ்வளவுதான். சபையின் மூப்பர்களிலிருந்து முகம் தெரியாத மிரட்டல்காரர்கள்வரை எல்லோரும் சேர்ந்து கொடுத்த நெருக்கடியில் அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டே போக நேர்ந்தது. கத்தோலிக்கரோடு கைகுலுக்கியதற்கே இந்த விலை என்றால், கொலைகாரர்களோடு உட்கார்ந்து பேச எத்தனை போதகர்கள் துணிவார்கள்?

துணிந்தவர்களும் இருந்தார்கள். ராய் மேகி என்ற பிரெஸ்பிட்டேரியன் போதகர் பிரிட்டன் ஆதரவு ஆயுதக் குழுக்களோடு வருடக்கணக்கில் பேசினார். சொந்தச் சபையை வைத்துக்கொண்டே இதைச் செய்தவர் அவர். நான் சொன்ன கணக்குக்கு அவர் விதிவிலக்கு. அந்தக் குழுக்கள் கேட்ட உரிமைகளின் பட்டியலை அவர் அயர்லாந்துப் பிரதமர் ஆல்பர்ட் ரெனால்ட்ஸிடம் கொண்டுபோனார். 1993 டிசம்பர் 15ஆம் தேதி பிரிட்டிஷ், அயர்லாந்து அரசுகள் சேர்ந்து வெளியிட்ட டவுனிங் தெருப் பிரகடனத்தில் அவை இடம்பெற்றன. அதே பிரகடனத்தில், பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்டுகளின் பயத்தைப் போக்கும் பகுதிகளுக்கு ஆங்கிலிக்கன் பேராயர் ராபின் ஈம்ஸ் யோசனை சொன்னார். 1994 ஆகஸ்ட் 31ஆம் தேதி ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்தது, அக்டோபர் 13ஆம் தேதி எதிர்த்தரப்புக் குழுக்களும். அந்த இரண்டாவது அறிவிப்பை வாசித்தவர் கொலைக் குற்றத்துக்காக வருடக்கணக்கில் சிறையில் இருந்த கஸ்டி ஸ்பென்ஸ். குற்றமற்ற பலிகளின் குடும்பத்தாரிடம் அவர் மனவருத்தம் தெரிவித்தார். அந்தத் தரப்பிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

இதற்கெல்லாம் அடியில் சத்தமில்லாத இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் டிரெஸ்டன் அருகே போர்க்கைதியாக இருந்தபோது அந்த நகரம் குண்டில் எரிந்ததைப் பார்த்த ரே டேவி, பின்னாளில் பெல்ஃபாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆன்மிகப் பணியாளராக இருந்தார். கலவரம் தொடங்குவதற்கு முன்பே, 1965ல், வடக்குக் கடற்கரையில் கொரிமீலா என்ற மையத்தைத் தொடங்கினார். இரு தரப்புக் குடும்பங்களும் அங்கே வந்து தங்கிச் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டார்கள். 1981ல், குடியரசு இயக்கக் கைதிகள் பத்துப் பேர் சிறையில் உண்ணாவிரதத்தில் செத்த அந்த ஆண்டில், கிளோனார்ட் மடமும் ஃபிட்ஸ்ராய் பிரெஸ்பிட்டேரியன் சபையும் சேர்ந்து வேதாகமம் வாசிக்க ஆரம்பித்தன. வாசிப்பில் வளர்ந்த பழக்கம் 1990களின் தொடக்கத்தில் ஷின் ஃபெயின்காரர்களும் புராட்டஸ்டன்ட் போதகர்களும் கதவை மூடிக்கொண்டு பேசுவதற்கு இடம் கொடுத்தது.

மன்னிப்பு என்று பேசினால் எல்லோரும் சொல்லும் பெயர் கார்டன் வில்சன். 1987 நவம்பர் 8ஆம் தேதி, எனிஸ்கில்லன் ஊரில் போரில் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருந்தவர்கள் மேல் ஐ.ஆர்.ஏ. குண்டு வெடித்து 11 பேர் இறந்தார்கள். துணிக்கடைக்காரரான வில்சனும் அவருடைய 20 வயது மகள் மரீயும் இடிபாடுகளுக்கு அடியில் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். மகள் பிழைக்கவில்லை. தனக்கு யார் மேலும் பகை இல்லை, குண்டு வைத்தவர்களுக்காக இன்றிரவும் ஒவ்வொரு இரவும் ஜெபிப்பேன் என்று உடனேயே பிபிசி பேட்டியில் அந்த மெத்தடிஸ்ட் விசுவாசி சொன்னார். பழிவாங்கக் கிளம்பவிருந்த பலருடைய கையை அந்தப் பேச்சு கட்டிப்போட்டது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அதன் இன்னொரு பக்கமும் உண்டு. ஒருவர் மன்னித்து உலகப் புகழ் பெற்றுவிட்டால், மன்னிக்க முடியாத பக்கத்து வீட்டுக்காரர் குறைந்த கிறிஸ்தவராகிவிடுகிறார். எனிஸ்கில்லன் குண்டுக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. குற்றவாளி யாரென்றே நீதிமன்றம் சொல்லாத இடத்தில் மற்றக் குடும்பங்கள் யாரை மன்னிப்பது? வில்சனே 1993ல் ஐ.ஆர்.ஏ. பிரதிநிதிகளைச் சந்தித்து நிறுத்துங்கள் என்று கெஞ்சினார். அவர்கள் அசையவில்லை, அவர் ஏமாந்து திரும்பினார். தனிமனிதரின் மன்னிப்பு மகத்தானதுதான். ஆனால் அது போர்நிறுத்தத்தைக் கொண்டுவரவில்லை. அதைக் கொண்டுவந்தது கடிதம் சுமந்தவர்களின் அலுப்பூட்டும் வேலை.

திருச்சபை மூடிவைத்த கறையும் உண்டு. 1972 ஜூலை 31ஆம் தேதி கிளாடி என்ற சிற்றூரில் கார்க்குண்டுகள் வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். சந்தேகம் விழுந்தவர்களில் ஜேம்ஸ் செஸ்னி என்ற கத்தோலிக்கக் குருவும் ஒருவர். போலீஸ், பிரிட்டிஷ் அமைச்சர், கர்தினால் மூவரும் பேசி அவரை எல்லைக்கு அப்பால் டோனகாலுக்கு மாற்றிவிட்டார்கள். கடைசிவரை அவரைப் போலீஸ் விசாரிக்கவில்லை, 1980ல் இறந்துபோனார். காவல்துறைக் குறைதீர்ப்பாளரின் அறிக்கை இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது 2010ல். பள்ளி விஷயமும் இருக்கிறது. கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் முதல் கலப்புப் பள்ளியான லாகன் கல்லூரியைப் பெற்றோர்கள் 1981ல் தாங்களாகத் தொடங்கினார்கள். கத்தோலிக்கத் திருச்சபை தன் பள்ளிகளை விட்டுக்கொடுக்கவே இல்லை. மறுபக்கத்திலும் பெரிய ஆர்வம் கிடையாது. இன்றைக்கும் வட அயர்லாந்துப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர்கூடக் கலப்புப் பள்ளியில் படிப்பதில்லை.

அலெக் ரீடும் முழுக்கப் பொதுவான ஆளாக மாறிவிடவில்லை. ஆயுத ஒழிப்புக்குச் சாட்சி சொன்ன அடுத்த மாதமே ஃபிட்ஸ்ராய் சபையின் கூட்டமொன்றில் வாக்குவாதம் முற்றி, யூனியனிஸ்டுகள் கத்தோலிக்கர்களை நடத்தியதை நாஜிகளோடு ஒப்பிட்டுவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார். அவர் தன் மக்களின் ஆள். அதனால்தான் அவர்கள் அவரை நம்பினார்கள், அதனால்தான் வார்த்தையும் அப்படி வந்தது. நடுநிலைப் பாதிரியாராக இருந்திருந்தால் ஐ.ஆர்.ஏ. அவரைக் கிட்டவே சேர்த்திருக்காது.

இப்போது பெய்ஸ்லி. 1951ல் சொந்தமாக ஒரு பிரெஸ்பிட்டேரியன் சபையை நிறுவி, 1971ல் சொந்தக் கட்சியையும் நிறுவியவர். 1988ல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் போப்பைப் பார்த்து அந்திக்கிறிஸ்து என்று கத்தியவர். சண்டையை முடித்துவைத்த 1998 புனித வெள்ளி அமைதி ஒப்பந்தத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். வட அயர்லாந்து வாக்கெடுப்பில் 71 சதவீதம் பேர் அதை ஏற்றார்கள். இவ்வளவுக்கும் பிறகு 2007 மே 8ஆம் தேதி அதே பெய்ஸ்லி, முன்னாள் ஐ.ஆர்.ஏ. தளபதி மார்ட்டின் மெக்கின்னஸைத் துணையாக வைத்துக்கொண்டு முதலமைச்சரானார். இருவரும் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பைப் பார்த்துப் பத்திரிகைகள் பட்டப்பெயரே வைத்தன. அவருடைய சபைக்குச் சிரிப்பு வரவில்லை. தான் நிறுவிய சபையின் தலைமைப் பொறுப்பிலிருந்து 2008 தொடக்கத்தில் அவர் விலக வேண்டியதாயிற்று. லிமவாடிப் போதகருக்கு நடந்தது, மென்மையான வடிவத்தில், அந்தச் சபையை உருவாக்கியவருக்கே நடந்தது.

சண்டை நின்றது; நடந்தவற்றுக்கு என்ன செய்வது என்பது நிற்கவில்லை. இதற்கு வழி சொல்ல அமைத்த குழுவுக்குப் பேராயர் ஈம்ஸும் முன்னாள் குரு டெனிஸ் பிராட்லியும் தலைமை தாங்கினார்கள். 2009 ஜனவரியில் வந்த அவர்களுடைய அறிக்கை, கொல்லப்பட்ட எல்லாருடைய குடும்பத்துக்கும் 12,000 பவுண்டு கொடுக்கச் சொன்னது. எல்லாரும் என்றால் ஆயுதக் குழுக்காரர்களின் குடும்பங்களும்தான். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கண்ணீரில் பேதம் இல்லை என்பது பாதிரியார் பார்வை. குண்டுக்குப் பலியானவரும் குண்டு கொண்டுபோகும்போது செத்தவனும் ஒன்றா என்று பலியானவர்களின் குடும்பங்கள் கொதித்தன. வெளியீட்டு விழாவிலேயே சத்தம். அந்தப் பரிந்துரையை அரசு கைவிட்டது, மற்றவையும் அலமாரிக்குப் போயின. இங்கே நான் அந்தக் குடும்பங்களின் பக்கம்தான். கல்லறையில் சொல்ல வேண்டியதைக் கஜானாவில் சொன்னால் அப்படித்தான் ஆகும்.

சபைகளும் அதற்குள் மாறியிருந்தன. 2023ல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த கலவரக்காலச் சட்டத்தின் பெயரிலேயே நல்லிணக்கம் இருந்தது. தகவல் சொல்கிறவர்களுக்கு வழக்கிலிருந்து விடுதலை, புதிய சிவில் வழக்குகளுக்கும் மரண விசாரணைகளுக்கும் தடை என்பது உள்ளடக்கம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொலைகளுக்கு யாரும் தண்டனை பெறாத நிலையில் இந்தச் சட்டம் வந்தது. மன்னியுங்கள், மறந்துவிடுங்கள் என்று முன்பு சொல்லியிருக்கக்கூடிய சபைத் தலைவர்கள், கத்தோலிக்கர் புராட்டஸ்டன்ட் என்ற பேதமில்லாமல், இந்த நல்லிணக்கம் வேண்டாம் என்று குடும்பங்களோடு சேர்ந்து எதிர்த்தார்கள். வழக்கிலிருந்து விடுதலை தரும் பகுதி மனித உரிமை உடன்படிக்கைக்கு ஒவ்வாது என்று 2024 பிப்ரவரியில் பெல்ஃபாஸ்ட் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு ஜூலையில் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசு, சட்டத்தை ரத்து செய்து மாற்று ஏற்பாடு கொண்டுவரப்போவதாக அறிவித்தது.